ஏலத்துக்கு முன் வாசலுக்கு வருபவர்கள்

(கட்சிக் கிளைச் செயலாளர்களுக்கான பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இந்தியாவின் எந்த நகரத்து நாளிதழை எடுத்துக்கொண்டாலும் அதன் உட்பக்கங்களில் சிறிய எழுத்தில் நெருக்கி அச்சிடப்பட்ட சில அறிவிப்புகளைக் காணலாம். ‘சுவாதீன அறிவிப்பு’ என்றும் ‘மின்-ஏல அறிவிப்பு’ என்றும் அவற்றுக்குத் தலைப்பு இருக்கும். கடன் பெற்றவரின் பெயர், ஜாமீன்தாரரின் பெயர், கதவு எண், பரப்பளவு, நான்கு எல்லைகள், நிலுவைத் தொகை ஆகியவை அதில் வரிசையாக இடம்பெறும். பெரும்பாலோர் புரட்டிவிட்டுப் போகும் இந்தப் பக்கத்தை ஒரு தரப்பினர் மட்டும் நாள்தோறும் கவனமாகப் படிக்கிறார்கள். நெருக்கடியில் சிக்கிய வீடுகளை ஏலத்துக்கு முன்பே மலிவாக வாங்கி, பின்னர் சந்தை விலைக்கு விற்று இலாபம் காண்பது அவர்களுடைய தொழில். இது இன்று ஒரு முதலீட்டு முறையாகவே கற்பிக்கப்படுகிறது. கட்டணப் பயிற்சி வகுப்புகளும் காணொலிகளும் இதற்கு உண்டு. ‘சந்தை விலையில் முப்பது, நாற்பது விழுக்காடு குறைவு’ என்பது அவற்றின் விளம்பர வாசகம்.

இந்த ‘குறைவு’ எங்கிருந்து வருகிறது? கட்சி எழுப்ப வேண்டிய முதல் கேள்வி இதுதான். செங்கல்லோ மண்ணோ மலிந்துவிடவில்லை. அந்த வீட்டின் சுவர்களுக்கும் பக்கத்து வீட்டின் சுவர்களுக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. வேறுபாடு முழுவதும் உள்ளே குடியிருக்கும் குடும்பத்தின் நிலைமையில் இருக்கிறது. அவர்களிடம் அவகாசம் இல்லை, தகவல் இல்லை, பேரம் பேசும் வலிமை இல்லை. இந்த மூன்று இல்லாமைகளுக்குச் சந்தை இட்ட விலையே அந்தத் தள்ளுபடி.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு தொழிலாளி 32 லட்சம் ரூபாய் விலையுள்ள சிறிய அடுக்ககக் குடியிருப்பை வாங்குகிறார். கைப்பணம் 7 லட்சம்; வீட்டுக் கடன் 25 லட்சம். வட்டி ஆண்டுக்கு 9.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டுகள். மாதத் தவணை 23,303 ரூபாய் ஆகும். ஐந்து ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் செலுத்தினால் அவர் கட்டிய தொகை ஏறத்தாழ 13 லட்சத்து 98 ஆயிரம். ஆனால் அசலில் கழிந்திருப்பது 2 லட்சத்து 68 ஆயிரம் மட்டுமே. மீதி 11 லட்சத்து 30 ஆயிரம் வட்டிக்குப் போய்விட்டது. நீண்ட காலக் கடன்களில் தொடக்க ஆண்டுகளின் தவணை பெரும்பாலும் வட்டியே என்பது வங்கிக் கணக்கின் இயல்பு.

ஆறாம் ஆண்டில் ஆலை மூடப்படுகிறது, அல்லது வீட்டில் ஒருவர் நோயில் விழுகிறார். தவணைகள் நிற்கின்றன. அபராதமும் செலவும் சேர்ந்து நிலுவை 24 லட்சமாகிறது. வீட்டின் விலை இப்போது 40 லட்சம் என்று கொள்வோம். முதலீட்டாளரின் தரகர் வருகிறார். ‘28 லட்சம் தருகிறோம். 24 லட்சத்தை வங்கியில் கட்டிப் பத்திரத்தை மீட்டுக்கொள்கிறோம். உங்கள் கையில் 4 லட்சம். ஏலத்துக்குப் போனால் இதுவும் கிடைக்காது, மானமும் போகும்’ என்கிறார். குடும்பம் ஒப்புக்கொள்கிறது. கைப்பணமும் தவணையுமாக ஏறத்தாழ 21 லட்சம் செலுத்திய குடும்பம் 4 லட்சத்துடன் வெளியேறுகிறது. அவகாசம் கிடைத்து அதே வீட்டைத் தாங்களே 38 லட்சத்துக்கு விற்றிருந்தால் கடன் போக 14 லட்சம் கையில் நின்றிருக்கும். இடைப்பட்ட 10 லட்சம் ரூபாய் சில வாரங்களில் கைமாறிவிட்டது.

தொழிலாளியின் உழைப்பிலிருந்து உபரி மதிப்பு ஆலையில் உறிஞ்சப்படுகிறது. அதன் பின்னும் அவர் கையில் எஞ்சிய கூலியிலிருந்து மிச்சம் பிடித்ததை வட்டியாகவும் வாடகையாகவும் பறிப்பதை இரண்டாம் நிலைச் சுரண்டல் என்று மார்க்சியம் வகைப்படுத்துகிறது. ஏலத்துக்கு முந்தைய இந்த வணிகம் அந்த வகையைச் சேர்ந்தது. வீட்டுக் கடன் மூலம் தொழிலாளியைச் சொத்துடைமையாளர் ஆக்கிவிட்டால் வர்க்கப் பிரச்சினை தீரும் என்ற வாதத்தை 1872-ல் ‘குடியிருப்புப் பிரச்சினை’ என்ற கட்டுரைத் தொடரில் எங்கெல்ஸ் மறுத்தார். வேலை நிச்சயமில்லாதவருக்கு அடமானத்தில் உள்ள வீடு விடுதலையாவதில்லை. அது அவரை ஓரிடத்தில் கட்டிப்போடும் தளையாகிறது என்பதே அந்த மறுப்பின் சாரம். ஒப்பந்தத் தொழில்முறை பரவிவிட்ட இன்றைய இந்தியாவுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

நெருக்கடி எப்படி உருவாகிறது

தவணை தவறுவதற்குத் தனிமனித ஊதாரித்தனமே காரணம் என்று நிதி நிறுவனங்கள் சொல்கின்றன. நாட்டில் வங்கிகளின் வீட்டுக் கடன் நிலுவை மட்டும் 2025-ல் ஏறத்தாழ 30 லட்சம் கோடி ரூபாய். பெரும்பாலான கடன்கள் மாறும் வட்டியில் அமைந்தவை. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரிசர்வ் வங்கி தனது ரெப்போ விகிதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. இருபதாண்டு காலத்துக்கு 25 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 7 விழுக்காட்டு வட்டியில் மாதத் தவணை 19,382 ரூபாய். வட்டி 9.5 விழுக்காடானால் தவணை 23,303 ரூபாய். மாதம் 3,921 ரூபாய் கூடுதல். எந்தத் தொழிலாளியின் கூலியும் அந்தப் பத்து மாதங்களில் இந்த அளவுக்கு உயரவில்லை. தவணையை உயர்த்தாத இடங்களில் கடன் காலம் நீட்டிக்கப்பட்டது. பலருக்கு அது தெரிவிக்கப்படவே இல்லை. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் பெற்றவருக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட நேர்ந்ததே இதற்குச் சான்று.

சட்டம் யாருக்காக வந்தது

சர்பாசி சட்டம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம் 2002-ல் வாஜ்பாய் ஆட்சியில் முதலில் அவசரச் சட்டமாக வந்தது. நரசிம்மம் குழுவின் நிதித்துறைச் ‘சீர்திருத்த’ப் பரிந்துரைகளின் தொடர்ச்சி அது. பெருமுதலாளிகளின் வாராக்கடனை வசூலிக்கக் கடுமையான சட்டம் வேண்டும் என்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்கும் அதிகாரம் கடன் கொடுத்தவருக்குக் கிடைத்தது. உரிமையியல் நீதிமன்றங்கள் தலையிடுவதை அச்சட்டத்தின் 34-ஆம் பிரிவு தடுக்கிறது. முறையீடு செய்ய வேண்டுமானால் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். தீர்ப்பாயத்துக்குப் போவதற்கே நிலுவையில் 75 விழுக்காட்டை முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்ற விதியும் முதலில் இருந்தது. 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை மட்டும் ரத்து செய்தது. சட்டத்தின் மற்ற பகுதிகள் நிலைத்தன.

இங்கே ஒரு வரலாற்று ஒப்பீடு அவசியம். காலனி ஆட்சி 1908-ல் இயற்றிய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, விவசாயியும் தொழிலாளியும் வீட்டுப் பணியாளரும் குடியிருக்கும் சொந்த வீட்டைச் சாதாரணக் கடனுக்காக ஜப்தி செய்யக்கூடாது என்று விலக்களிக்கிறது. சர்பாசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு இந்த விலக்கைக் குறிப்பிடுகிறது. ஆனால் கடனுக்காகவே பிணையாக வைக்கப்பட்ட சொத்துக்கு அது பொருந்தாது என்று அடைப்புக்குறிக்குள் எழுதிக் கதவை மூடிவிட்டது. விவசாய நிலத்துக்கு அதே பிரிவில் விலக்கு உண்டு. தொழிலாளியின் ஒரே குடியிருப்புக்கு அத்தகைய விலக்கு இல்லை.

சட்டத்தின் வலை மேலும் விரிந்துகொண்டே வந்திருக்கிறது. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் இச்சட்டத்தைப் பயன்படுத்துவதற்கான குறைந்தபட்சக் கடன் வரம்பு 2021-ல் 50 லட்சத்திலிருந்து 20 லட்சமாகக் குறைக்கப்பட்டது. கோடீசுவரர்களைப் பிடிக்கப் பின்னிய வலையின் கண்கள் இப்படியாகச் சிறிய மீன்களுக்கேற்பச் சுருக்கப்பட்டன. பெரிய மீன்களின் கதை வேறு. 2014-15 முதல் 2023-24 வரையிலான பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் தங்கள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய் என்று 2025 மார்ச்சில் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி ஆகாது, வசூல் முயற்சி தொடரும் என்று அரசு விளக்கம் சொல்கிறது. அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும், பெருநிறுவனங்கள் திவால் சட்டத்தின் கீழ் தீர்வு காணும்போது கடன் கொடுத்தவர்களுக்குத் திரும்பி வருவது உரிமை கோரிய தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மூன்றில் இரண்டு பங்கை விட்டுக்கொடுக்க அங்கே மனம் வருகிறது. வீட்டுக் கடன் தொழிலாளி மூன்று மாதத் தவணைக்கு அவகாசம் கேட்டால் மனம் இறுகிவிடுகிறது.

தள்ளுபடி யாருக்கு?

வங்கிகள் தம் வாராக்கடன்களைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்கவும் இதே சட்டம் வழி செய்கிறது. கடனை முகமதிப்புக்கு வாங்குபவர் எவரும் இல்லை. தள்ளுபடி விலைக்குத்தான் வாங்குகிறார்கள். 2014 முதல் 2022 வரை நடைமுறையில் இருந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, பிணையப் பற்றுச்சீட்டு முறையில் வாங்கும்போது அந்நிறுவனங்கள் குறைந்தது 15 விழுக்காடு தங்கள் பங்காக இட வேண்டியிருந்தது. மீதி பற்றுச்சீட்டுகளாக நிற்க முடிந்தது. கடன் பெற்ற குடும்பத்துக்கோ ஒரு நாள் காலையில் கடன்காரர் மாறிவிட்ட செய்தி மட்டும் வந்து சேர்கிறது.

இதில் உள்ள அநீதியைத் தோழர்கள் மக்களிடம் எளிமையாக விளக்கலாம். 24 லட்சம் ரூபாய்க் கடனை ஒரு நிறுவனத்துக்கு 17 லட்சத்துக்கு விற்க வங்கி தயாராக இருக்குமானால், அந்த 7 லட்சம் ரூபாய்த் தள்ளுபடியை வீட்டில் குடியிருப்பவருக்கே தந்து, மீதியைத் திருத்திய தவணைகளில் பெற்றுக்கொள்ளலாம். வங்கிக்கு நட்டம் ஒன்றுதான். வீடு மட்டும் குடும்பத்திடமே நிற்கும். அந்நியருக்குத் தரும் சலுகை உரியவருக்கு மறுக்கப்படுவதில்தான் இந்த வணிகத்தின் மூலதனம் பிறக்கிறது.

இந்த ஏலச் சந்தையை விரிவாக்குவதிலேயே அரசு முனைப்புக் காட்டுகிறது. பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை ஒரே இடத்தில் காட்டும் ‘பேங்க்நெட்’ இணையவாசல் 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. வாங்குபவருக்கு நாடு முழுவதும் உள்ள வீடுகள் ஒரு திரையில் தெரிகின்றன. முறையிடச் செல்லும் குடும்பத்துக்கோ நாடு முழுமைக்கும் 39 கடன் வசூல் தீர்ப்பாயங்களும் ஐந்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயங்களும் மட்டுமே உள்ளன. மேல்முறையீட்டுக்குப் பாதித் தொகையை முன்வைப்பாகக் கட்ட வேண்டும். அதைக் குறைத்தாலும் கால் பங்குக்குக் கீழே குறைக்க முடியாது.

அமெரிக்கா கற்பித்த பாடம்

ஏலத்துக்கு முன்பே வீட்டைப் பிடிக்கும் இந்த முறை அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக வளர்ந்த தொழில். 2008 நெருக்கடியில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. ஆவணங்களைப் படிக்காமலேயே கையெழுத்திட்டு வீடுகளைப் பறித்த முறைகேடு வெளிப்பட்டு, 2012-ல் ஐந்து பெரிய கடன் நிறுவனங்கள் 49 மாநிலங்களுடனும் மத்திய அரசுடனும் 25 பில்லியன் டாலர் அளவிலான உடன்பாட்டுக்கு வந்தன. அதே 2012-ல் பிளாக்ஸ்டோன் என்னும் முதலீட்டு நிறுவனம், விலை சரிந்த தனி வீடுகளை ஆயிரக்கணக்கில் வாங்கி வாடகைக்கு விடத் தொடங்கியது. அதற்காக உருவான இன்விடேஷன் ஹோம்ஸ் நிறுவனம் 2017-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. சொந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் வர்க்கம் அதே வீடுகளுக்கு வாடகை செலுத்தும் வர்க்கமாயிற்று.

ஆயினும் முதலாளித்துவத்தின் கோட்டையான அந்நாட்டிலும் மக்களின் எதிர்ப்பு சில தடுப்புகளைப் பெற்றுத் தந்திருக்கிறது. ஏலத்தை எதிர்நோக்கும் வீட்டுக்காரரிடம் வீடு வாங்குவோரைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் ஒன்றைக் கலிபோர்னியா மாநிலம் 1979-லேயே இயற்றியது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட பின்னும் ஐந்து வேலை நாட்கள் வரை விற்பவர் அதை ரத்து செய்யலாம். ஏலம் அதற்கு முன்பே வந்துவிட்டால் அந்த நாளின் காலை வரைதான் இந்த அவகாசம். அச்சத்தில் போட்ட கையெழுத்தைச் சுதந்திரமான சம்மதமாகக் கருதக்கூடாது என்ற கொள்கை அதில் அடங்கியுள்ளது. இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை.

கடனைக் கட்ட வேண்டாமா?

கட்சித் தோழர்கள் மக்களிடையே செல்லும்போது ஒரு கேள்வி நிச்சயம் எழும். வங்கியில் இருப்பது சாதாரண மக்களின் வைப்புத்தொகை. வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி இது. கடனைச் செலுத்தாதீர்கள் என்று கட்சி எவருக்கும் சொல்வதில்லை. பொதுத்துறை வங்கிகளைப் பாதுகாக்கப் போராடும் இயக்கம் அப்படிச் சொல்லவும் முடியாது. மேலே கண்ட கணக்கில் வங்கிக்கு வர வேண்டிய 24 லட்சமும் வந்துவிட்டது. பறிபோனது வங்கியின் பணமும் வைப்பாளரின் பணமும் ஆகாது. கடன் போக மிஞ்சிய குடும்பத்தின் பணம் அது. வங்கிப் பாதுகாப்பு என்ற பெயரில் நடப்பது வங்கிக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகச் சேர்க்காத கொள்ளை என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

வீடு வாங்குபவர் அனைவரும் எதிரிகள் என்ற முடிவுக்கும் வரத் தேவையில்லை. சந்தை விலைக்கு வாங்க இயலாத ஆசிரியரோ செவிலியரோ ஏல வீட்டை நாடக்கூடும். ‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனையில் வாங்கிவிட்டு, பழைய வரி பாக்கியையும் வழக்கையும் சுமப்பவர்களில் இத்தகையோரும் உண்டு. குடியிருக்க வாங்குபவரையும் பத்து வீடுகளை வாங்கிப் புரட்டுபவரையும் வேறுபடுத்திப் பார்க்கும் தெளிவு தோழர்களுக்கு வேண்டும்.

கால அட்டவணை ஒரு போர்க்களம்

இந்த வணிகம் அவகாசமின்மையை நம்பி நடக்கிறது. ஆகவே சட்டத்தின் கால அட்டவணையை அறிந்திருப்பது தற்காப்பின் முதல் ஆயுதம். ஒவ்வொரு கிளையிலும் குறைந்தது இரண்டு தோழர்களாவது இதனை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன்பின் 13-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவின்படி 60 நாள் கோரிக்கை அறிவிப்பு வருகிறது. இந்த 60 நாட்கள்தான் பொன்னான காலம். அறிவிப்பைப் பெற்றவர் தம் ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவித்தால், வங்கி அதனைப் பரிசீலித்து, ஏற்க மறுத்தால் 15 நாட்களுக்குள் காரணத்துடன் பதில் தர வேண்டும். வாய்மொழி வேண்டுகோளுக்கு மதிப்பு இல்லை. எழுதி, நகல் வைத்து, ஒப்புகை பெற வேண்டும். தவணையைத் திருத்தியமைக்கவும், ஒரே முறையில் தீர்வு காணவும் கோருவதற்கு உரிய தருணம் இது. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் நிலுவை 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் இச்சட்டமே பொருந்தாது என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

தரகர்கள் மொய்ப்பதும் இந்த நாட்களில்தான். அறிவிப்பு வந்தபின், வங்கியின் முன் எழுத்துச் சம்மதம் இன்றி வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ 13-ஆம் பிரிவின் 13-ஆம் உட்பிரிவு தடை செய்கிறது. இதனை மறைத்து, முன்பணம் கொடுத்துப் பொது அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவோர் உண்டு. பொது அதிகாரப் பத்திரத்தின் வழியாக நடக்கும் விற்பனை உரிமை மாற்றம் ஆகாது என்று 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. வெற்றுத்தாளிலோ படித்துப் பார்க்காத பத்திரத்திலோ எவரும் கையெழுத்திடக்கூடாது. விற்றே தீர வேண்டிய நிலை என்றால், வங்கியின் சம்மதத்தைப் பெற்று, குடும்பமே பலரிடம் விலை கேட்டு, முறையான கிரயப் பத்திரத்தின் மூலம் விற்கலாம். வங்கிகளும் பல இடங்களில் இதற்கு இணங்குகின்றன.

60 நாட்கள் கடந்தபின் வங்கி சுவாதீன நடவடிக்கை எடுக்கும். அறிவிப்பை வீட்டில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில், வெளியிட வேண்டும். இந்த நடவடிக்கையிலிருந்து 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஏலத்துக்கு முன் மதிப்பீட்டாளர் வழியாக மதிப்பிட்டுக் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க வேண்டும். முதல் ஏலத்துக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைந்தபட்ச விலைக்கு மேல் கேட்பு வராவிட்டால், கடன் பெற்றவரின் சம்மதமும் இருந்தால்தான் குறைவாக விற்க முடியும்.

2016 திருத்தத்துக்கு முன்னர், விற்பனை முடியும் தருணம் வரை முழு நிலுவையைக் கட்டி வீட்டை மீட்கும் வாய்ப்பு இருந்தது. திருத்தத்துக்குப் பின் ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே கட்டியாக வேண்டும். 2023 செப்டம்பரில் செலிர் – பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. ‘ஏலத்தன்று பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு அன்று கதவு மூடியிருக்கும். ஏலத் தொகையில் வங்கியின் நிலுவையும் செலவும் போக மிஞ்சுவது குடும்பத்துக்கே திரும்பச் சேர வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டும். மாறாக, ஏலத் தொகை போதாவிட்டால் மீதிக் கடனும் தொடரும். வீடும் போய்க் கடனும் நிற்கும் இந்தக் கொடுமையைச் சட்டம் இன்னும் அனுமதிக்கிறது.

கோரிக்கைகள்

அறிவு தற்காப்புக்குப் போதும். மாற்றத்துக்குப் போராட்டம் வேண்டும். உழைக்கும் குடும்பத்தின் ஒரே குடியிருப்பை, குறிப்பிட்ட கடன் வரம்புக்குள், சர்பாசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வேலையிழப்பு, கடும் நோய், சம்பாதிப்பவரின் மரணம் ஆகியவற்றில் தவணைத் திருத்தம் சட்டப்படி கட்டாயமாக வேண்டும். கடனை மூன்றாமவருக்கு விற்குமுன், அதே தள்ளுபடி விலையில் தீர்த்துக்கொள்ளும் முதல் உரிமை கடன் பெற்றவருக்கு வேண்டும். ஒரே வீடு விற்கப்பட்டபின் மீதிக் கடன் கரைந்துவிட வேண்டும். ஏலத்துக்கு முந்தைய விற்பனை ஒப்பந்தங்களை ரத்து செய்ய அவகாசம் தரும் சட்டம் வேண்டும். மாநில வீட்டு வசதி அமைப்புகள் அத்தகைய வீடுகளை வாங்கி, அக்குடும்பங்களையே குறைந்த வாடகையில் குடியமர்த்தி, பின்னாளில் மீட்டுக்கொள்ளும் உரிமையையும் வழங்க வேண்டும். தீர்ப்பாயங்கள் மாவட்டம்தோறும் அமைய வேண்டும்.

இவை அனைத்தும் முதலாளித்துவ அமைப்புக்குள்ளேயே சாத்தியமான கோரிக்கைகள். குடியிருப்பைச் சரக்காக நடத்தும் அமைப்பு நீடிக்கும் வரை பிரச்சினை முற்றாகத் தீராது. பொதுத்துறையில் மலிவான வாடகைக் குடியிருப்புகள் பெருமளவில் கட்டப்படுவதே அடிப்படைத் தீர்வின் தொடக்கம். ஆனால் அந்த நாள் வரும் வரை ஒவ்வொரு வீடாகக் காப்பாற்றும் கடமையும் உண்டு.

கிளைகளின் பணி

கடன் வலையில் சிக்கியவர் அதனை வெளியே சொல்வதில்லை. சுவரில் ஒட்டிய அறிவிப்பை இரவோடிரவாகக் கிழித்துவிட்டு மௌனமாக இருப்பார். உறவினருக்கும் தெரியாது, சங்கத்துக்கும் தெரியாது. தரகருக்கு மட்டும் தெரியும். அவமானம் குடும்பத்தைத் தனிமைப்படுத்துகிறது. தனிமை விலையைக் குறைக்கிறது. இந்தத் தனிமையை உடைப்பதே கட்சிக் கிளையின் முதல் பணி.

நாளிதழின் அந்தப் பக்கத்தைத் தரகர் படிப்பதற்கு முன் கிளைத் தோழர் படிக்க வேண்டும். தம் பகுதி முகவரி தென்பட்டால் அன்றே அக்குடும்பத்தைச் சந்திக்க வேண்டும். வங்கி ஊழியர் சங்கத் தோழர்கள் கணக்குப் பார்க்க உதவலாம்; வழக்கறிஞர் அமைப்பின் தோழர்கள் ஆட்சேப மனு எழுதலாம். மகளிரும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களும், ஆலைத் தொழிலாளர்களும் 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு அவர்களை அழைத்துச் செல்ல வேண்டும். வங்கி மேலாளரைச் சந்திக்கச் செல்லும் கணவன் மனைவியுடன் ஐந்து பேர் துணைக்குச் சென்றாலே பேச்சின் தொனி மாறும்.

தோழர்களே, ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் இரண்டு மாத அவகாசம் அக்குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாயை மீட்டுத் தரக்கூடும். சில வேளை வீட்டையே மீட்டுத் தரக்கூடும். அந்த அவகாசத்தைத் தனியொருவர் பெற முடியாது. அமைப்பால் பெற முடியும். அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏலத்துக்கு முன் வாசலுக்கு வருபவர் தரகராக இருக்கும் வரை வீடு மலிவாகவே போகும். முதலில் வருபவர் தோழராக இருக்கட்டும்.